லல்லன் மியானும் என் மகளும்

1981ஆம் ஆண்டு. கரோல் பாகில் ஒரு மாடி அறையில் தமிழ்நாட்டுப் பிரம்மசாரிகள் நால்வர் கூட்டுக் குடித்தனம் நடத்திக்கொண்டிருந்தோம். நால்வரும் மத்திய அரசாங்கக் காரியாலயங்களில் எழுத்தர்கள். மாதத்தின் முதல் வாரத்தில் நாங்கள் கனவான்கள். கடைசி வாரத்தில் கடன்காரர்கள். கீழே இருந்த பெட்டிக் கடைக்காரரின் நோட்டுப் புத்தகத்தில் எங்கள் பெயர்கள் நிரந்தரமாக இடம் பெற்றிருந்தன.

அவ்வாண்டில்தான் 'சஷ்மே பத்தூர்' என்ற இந்திப் படம் வெளிவந்தது. தில்லியில் ஒரே அறையில் வசிக்கும் மூன்று வாலிபர்களின் கதை அது. அவர்களுக்கும் ஒரு கடைக்காரர். அவரிடமும் ஒரு தீராத கடன். எங்கள் கதையையே யாரோ எட்டிப் பார்த்து எடுத்துவிட்டது போல இருந்தது. அந்தப் பான் கடைக்காரருக்கு லல்லன் மியான் என்று பெயர். பாக்கியைக் கேட்டுக் கடிந்துகொள்வார். கடிந்து முடித்தவுடன் மறுபடியும் கடன் கொடுப்பார். அவருடைய கோபத்தில் அன்பும், அன்பில் வியாபாரமும் கலந்திருந்தன. பேச்சோ, வெற்றிலைச் சாறு ஊறிய பேச்சு. படத்தை இயக்கிய சாயி பராஞ்ச்பே என்ற அம்மையார், ஜும்மா மசூதிக்குப் பின்னாலுள்ள சந்து ஒன்றிலிருந்து உண்மையான கடைக்காரர் ஒருவரையே அழைத்து வந்து நிறுத்திவிட்டார் என்று நாங்கள் நால்வரும் தீர்மானித்துக்கொண்டோம்.

மறுநாள் காரியாலயத்தில் லக்னோக்காரரான நண்பர் ஒருவரிடம் இதைச் சொன்னேன். அவர் சிரித்தார். "அவர் கடைக்காரரும் அல்லர், தில்லிவாசியும் அல்லர். இலண்டனில் இருக்கிற நாடக நடிகர். ஸயீத் ஜாஃப்ரி என்று பெயர்" என்றார்.

எனக்கு நம்பிக்கை உண்டாகவில்லை. அடுத்த ஆண்டு 'காந்தி' படம் வந்தது. அதில் சர்தார் பட்டேலாகத் தோன்றி, நிதானமான ஆங்கிலத்தில் பேசியவர் அதே மனிதர்தாம் என்று கண்டபோது நம்பத்தான் வேண்டியிருந்தது. பிறகு விசாரித்ததில், அவர் 1956ஆம் ஆண்டிலேயே தில்லியை விட்டுக் கடல் கடந்து சென்றவர் என்று தெரிந்தது. அப்படியானால், லல்லன் மியானாக நடித்தபோது அவர் இந்த ஊரை விட்டுக் கால் நூற்றாண்டு ஆகியிருந்தது! அத்தனை காலத்திலும் அந்தச் சந்துப் பேச்சின் ஒரு நெளிவுகூட அவர் நாவை விட்டு நழுவவில்லை.

நானோ தஞ்சாவூர்ப் பக்கத்துக் கிராமத்தை விட்டு 1975இல் வந்தவன். ஆறே ஆண்டுகளில் அம்மாவுக்குக் கடிதம் எழுதச் சொல் அகப்படாமல் பேனாவைக் கடிக்கத் தொடங்கியிருந்தேன். இந்த வேறுபாடு அன்று என் மனத்தில் ஒரு முள்ளாகத் தைத்தது. ஆனால் முள்ளைப் பிடுங்க நான் ஒன்றும் செய்யவில்லை. அதற்கு மாறாக, வேறொன்று செய்தேன். அதைச் சொல்வதற்காகவே இதை எழுதுகிறேன்.

முதலில் அந்த நடிகரின் வரலாற்றைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். நம்மைப் போன்ற குடும்பங்களுக்கு அதில் படிப்பினை உண்டு.

ஸயீத் ஜாஃப்ரி 1929ஆம் ஆண்டு ஜனவரி 8ஆம் தேதி பஞ்சாபிலுள்ள மாலேர்கோட்லாவில் பிறந்தார். தகப்பனார் டாக்டர்; ஐக்கிய மாகாண அரசாங்கத்தில் வைத்திய உத்தியோகம். மாற்றல் உத்தரவு வரும்போதெல்லாம் குடும்பம் மூட்டை கட்டும். லக்னோ, கான்பூர், அலிகார், மசூரி, கோரக்பூர், ஜான்சி என்று ஊர் ஊராகப் போயிற்று அந்தப் பிள்ளையின் இளமை. மத்திய அரசாங்க உத்தியோகஸ்தர்களின் குழந்தைகளான நம் பிள்ளைகளுக்கு இது புதிய அனுபவமா? பள்ளிக்கூடம் மாறும், தோழர்கள் மாறுவார்கள், தெருவில் கேட்கும் பேச்சும் மாறும்.

இப்படி மாறுகிற குழந்தைகள் பெரும்பாலும் பழையதை உதறிவிட்டுப் புதியதைப் பற்றிக்கொள்ளும். அவரோ ஒன்றையும் உதறவில்லை. அலிகாரில் உருதுவைத் தேர்ச்சியுடன் கற்றார். பிறரைப் போலப் பேசிக் காட்டும் பழக்கமும் அங்கேதான் வளர்ந்தது. மசூரியில் கிறிஸ்தவப் பள்ளிகளில் படித்து, ஆங்கிலேயர் பேசுவது போலவே ஆங்கிலம் பேசக் கற்றார். அலகாபாத் பல்கலைக்கழகத்தில் ஆங்கில இலக்கியமும், பிறகு இடைக்கால வரலாறும் பயின்று 1950இல் எம்.ஏ. பட்டம் பெற்றார். ஒவ்வோர் ஊரும் அவருடைய நாவில் ஓர் அறை கட்டிக்கொண்டது. புது அறை எழும்போது பழைய அறை இடிக்கப்படவில்லை.

1951இல் தில்லிக்கு வந்தார். அகில இந்திய வானொலியில் ஆங்கில அறிவிப்பாளர் வேலை. சம்பளம் மாதம் 250 ரூபாய். தங்க இடமில்லாமையால் ஆரம்பத்தில் சில இரவுகள் வானொலி நிலையத்தின் பின்புறமிருந்த பெஞ்சிலேயே படுத்துறங்கினாராம். நிலைய இயக்குநராக இருந்த மெஹ்ரா மஸானி என்ற அம்மையார் இரங்கி, ஒய்.எம்.சி.ஏ.யில் ஓர் அறையில் பங்கு கிடைக்க ஏற்பாடு செய்தார். முதல் முறையாகத் தில்லி ரயில் நிலையத்தில் டிரங்குப் பெட்டியுடன் இறங்கிய எந்தத் தமிழனுக்கும் அந்தப் பெஞ்சு அந்நியமானதன்று. நம்முள் எத்தனை பேர் இப்படி யாரோ ஒருவருடைய இரக்கத்தால் இந்த ஊரில் காலூன்றியவர்கள்!

வானொலி என்றதும் மற்றொன்றும் நினைவுக்கு வருகிறது. நான் சிறுவனாக இருந்தபோது எங்கள் கிராமத்துப் பஞ்சாயத்து ரேடியோவில், 'ஆகாசவாணி, செய்திகள்' என்று தமிழ்ச் செய்தி ஒலிக்கும். அந்தக் குரல் தில்லியிலிருந்து வருகிறது என்று சொல்வார்கள். ஆயிரத்தைந்நூறு மைலுக்கு அப்பால், தமிழ் பேசாத ஓர் ஊரில் உட்கார்ந்துகொண்டு, ஒருவர் இத்தனை சுத்தமாகத் தமிழ் பேசுகிறாரே என்று வியந்திருக்கிறேன். வாழும் ஊர் வேறு, பேசும் நாக்கு வேறு என்று அன்றே அந்தக் குரல் எனக்குச் சொல்லித்தான் இருந்தது.

அறிவிப்பாளராக இருந்தபடியே ஜாஃப்ரி, அதே 1951இல் 'யூனிட்டி தியேட்டர்' என்ற ஆங்கில நாடகக் குழுவை நண்பர்களுடன் தொடங்கினார். அதில் நடிக்க வந்த தில்லிப் பெண்தான் மதுர் பகதூர். 1956இல் அவருக்கு ஃபுல்பிரைட் உபகாரச் சம்பளம் கிடைத்து, அமெரிக்கா சென்று நாடகக் கலை பயின்றார். 1958இல் இருவரும் அங்கே மணந்துகொண்டார்கள். ஷேக்ஸ்பியர் நாடகங்களில் நடித்துக்கொண்டு அமெரிக்க நகரங்களைச் சுற்றி வந்தார். 1962இல் நியூயார்க்கின் பிராட்வேயில் 'எ பாசேஜ் டு இந்தியா' நாடக வடிவம் அரங்கேறியபோது அதிலும் நடித்தார். 1965இல் இலண்டனில் குடியேறினார். மேடை, பி.பி.சி. வானொலி, தொலைக்காட்சி, திரைப்படம் என்று ஐம்பது ஆண்டுகள் அங்கே உழைத்தார்.

அவர் ஏற்ற பாத்திரங்களை வரிசையாகப் பாருங்கள். 1975இல் ஷான் கானரி, மைக்கேல் கெய்ன் ஆகியோருடன் 'தி மேன் ஹூ வுட் பி கிங்' படத்தில் கூர்க்காச் சிப்பாய். 1977இல் சத்யஜித் ரே எடுத்த 'சத்ரஞ்ச் கே கிலாடி'யில், 1856இல் ராஜ்யமே பறிபோகும் வேளையில் சதுரங்கப் பலகையை விட்டுத் தலை நிமிராத லக்னோப் பிரபு. இயக்குநர் ரே வங்காளி. உடன் நடித்த சஞ்சீவ் குமார் குஜராத்தி. லக்னோ உருதுவோடு பிள்ளைப் பிராயத்திலேயே பழகியவர் இவர். 1984இல் 'எ பாசேஜ் டு இந்தியா' திரைப்படத்தில் ஹமீதுல்லா. 1985இல் 'மை பியூட்டிஃபுல் லாண்ட்ரெட்' படத்தில், இலண்டனில் குடியேறித் தொழில் நடத்தும் பாகிஸ்தானிய முதலாளி. அதற்காக பிரிட்டிஷ் திரைப்பட அகாதமியின் பரிசுக்கும் அவர் பெயர் முன்மொழியப்பட்டது. சிப்பாய், பிரபு, பான் கடைக்காரர், தேசத் தலைவர், வந்தேறிய வியாபாரி, இத்தனை பேரும் ஒருவரே. ஒவ்வொருவருக்கும் ஒவ்வொரு நாக்கு. இத்தனை நாக்குகளும் புதிதாக வாங்கியவை அல்ல. சிறு வயதில் ஊர் ஊராகச் சேர்த்து வைத்தவையும் அவற்றுள் உண்டு. 1995இல் பிரிட்டிஷ் அரசு அவருக்கு ஓ.பி.இ. விருது அளித்தது. 2015 நவம்பர் 15ஆம் தேதி இலண்டனில் காலமானார். மறு ஆண்டு நம் அரசாங்கம் மறைவுக்குப் பின் பத்மஸ்ரீ விருது வழங்கியது.

அவருடைய வாழ்க்கை முழுவதும் வெற்றிதான் என்று சொல்லிவிட்டால் அது உண்மையாகாது. மேடையில் வென்றவர் மனையில் தோற்றார். மணவாழ்வு 1966இல் முறிந்தது. மூன்று பெண் குழந்தைகளும் சிறிது காலம் தில்லியில் தாய்வழிப் பாட்டன் பாட்டியிடம் வளர நேர்ந்தது. மதுர் ஜாஃப்ரி தாமும் சிறந்த நடிகை. பிற்காலத்தில் இந்தியச் சமையலைப் பற்றிப் புத்தகங்கள் எழுதி உலகப் புகழ் பெற்றார். ஆனால் மாணவியாக இலண்டன் சென்றபோது அவருக்குச் சமைக்கவே தெரியாது. ஊரிலிருந்து அவருடைய தாயார் விமானத் தபாலில் சமையற் குறிப்புகளை எழுதி அனுப்பினார். அந்தக் கடிதங்களே அவருக்குக் குரு. கணவர் செவியில் கேட்டதைக் கொண்டுபோனார். மனைவி நாவில் சுவைத்ததைக் கொண்டுபோனார். ஊரை விட்டுப் போகிறவர்களின் கையில் மிஞ்சுவது இவ்விரண்டுந்தானே?

இப்போது என் கதைக்கு வருகிறேன்.

நான் இந்தி பேசத் தொடங்கிய காலத்தில் ஆண்பால் பெண்பால் எனக்குப் படியவேயில்லை. மேசை ஆணா பெண்ணா என்று யோசித்துக்கொண்டிருக்கும்போதே வாக்கியம் முடிந்துவிடும். என் மேலதிகாரி ஒருவர், நான் பேசுவது போலவே பேசிக் காட்டுவதைத் தினசரி வேடிக்கையாக வைத்துக்கொண்டிருந்தார். 1968இல் வந்த 'படோசன்' படத்தில் நடிகர் மெஹ்மூத் தமிழ்ப் பாட்டு வாத்தியாராக வந்து நாட்டையே சிரிக்க வைத்திருந்தார். அந்த வாத்தியாரின் பாணியில் தலையை ஆட்டிக்கொண்டு அதிகாரி என் பெயரைக் கூப்பிடுவார். எல்லாரும் சிரிப்பார்கள். நானும் சிரிப்பேன். வீட்டுக்கு வந்த பிறகு சோறு இறங்காது.

அடுத்தவரைப் போலப் பேசிக் காட்டுவதில் இரண்டு வகை உண்டு என்று பிற்பாடு அறிந்தேன். ஒருவனைச் சிறியவனாக்குவதற்குப் பேசிக் காட்டுவது ஒரு வகை. அவனுக்குள் புகுந்து, அவன் ஏன் அப்படிப் பேசுகிறான் என்று அறிந்து பேசுவது மற்றொரு வகை. லல்லன் மியானைக் கண்டு சிரித்தவர்கள், அவரை நேசித்துக்கொண்டே சிரித்தார்கள். அன்று எனக்கு இந்த வேறுபாடு புலப்படவில்லை. என் குழந்தைக்கு இந்த அவமானம் நேரக் கூடாது என்ற ஒன்றே புலப்பட்டது.

1984இல் திருமணமாயிற்று. மோதி பாகில் குவார்ட்டர்ஸ் கிடைத்தது. இரண்டு அறை, ஒரு வராந்தா, கறிவேப்பிலைச் செடி வைக்க ஒரு முழ மண். 1986இல் மகள் பிறந்தாள். அவளிடம் நான் தமிழ் பேசுவதில்லை என்று விரதம் கொண்டேன். தில்லித் தமிழ்க் கல்விக் கழகத்தின் பள்ளிக்கூடம் எங்கள் மோதி பாகிலேயே இருக்கிறது. நடந்து போகிற தூரம். அதைத் தாண்டி, பஸ் வைத்து, ஆங்கிலப் பள்ளி ஒன்றுக்கு அவளை அனுப்பினேன். என் மனைவி ஆட்சேபித்தாள். "நீங்கள் பட்ட அவமானத்துக்குக் குழந்தையின் நாக்கையா அறுப்பது?" என்று கேட்டாள். நான் பதில் சொல்லவில்லை. சமையலறையில் தாயிடமிருந்து குழந்தை பெற்ற தமிழ், சோறு, தண்ணீர், தூக்கம், குளியல் என்ற அளவோடு நின்றுவிட்டது. அதற்கும் அவள் இந்தியிலேயே பதில் சொல்வாள்.

1998ஆம் ஆண்டுக் குளிர்காலத்தில் என் தாயார் எங்களோடு வந்து தங்கியிருந்தார். உடல் தளர்ந்து படுக்கையாகிவிட்டது. ஒருநாள் மாலை நான் காரியாலயத்திலிருந்து திரும்பியபோது கண்ட காட்சியை இன்றும் மறக்க முடியவில்லை. அம்மாவின் கட்டிலருகே ஒரு தம்ளர் தண்ணீர், மூக்குக் கண்ணாடி, தலையணை, கம்பளிச் சால்வை, வெந்நீர்ப் பை எல்லாம் குவிந்து கிடந்தன. நடுவில் என் மகள் விழித்துக்கொண்டு நின்றாள், கண்ணில் நீர். "பாட்டி என்னவோ கேட்கிறார், எனக்குப் புரியவில்லை" என்று இந்தியில் சொன்னாள்.

"என்னம்மா வேணும்?" என்றேன்.

"ஒண்ணுமில்லேடா. அந்தச் சம்புடத்தை எடுத்துத் தரச் சொன்னேன். பரவாயில்லே, குழந்தை பாவம், இத்தனை நாழி ஓடியாடி எடுத்துண்டு வந்தா" என்றார் அம்மா.

ஜன்னல் மாடத்தில் மூடி போட்ட சிறு பித்தளைச் சம்புடம் இருந்தது. எடுத்துக் கொடுத்தேன். நடுங்கும் விரல்களால் மூடியைத் திறந்து, உள்ளிருந்த கற்கண்டு ஒன்றை எடுத்து, பேத்தியின் வாயில் போட்டார். அவ்வளவுதான் விஷயம். பேத்திக்குக் கற்கண்டு கொடுக்க ஆசைப்பட்ட ஒரு கிழவிக்கு, அரைமணி நேரம் ஒரு சொல் கிடைக்காமல் போயிற்று. அந்தச் சொல்லை இடையிலிருந்து எடுத்தவன் நான். அந்த மாதமே அம்மா காலமானார்.

காலம் ஓடிற்று. மகள் படித்து உத்தியோகத்துக்குப் போனாள். மாலை வேளைகளில் மண்டி ஹவுஸ் பக்கம் நாடகம் நாடகம் என்று அலைந்தாள். அதையும் நான் விரும்பவில்லை. 2013இல் நான் ஓய்வு பெற்றேன். குவார்ட்டர்ஸைக் காலி செய்து, சாலைக்கு எதிர்ப்புறம் சத்திய நிகேதனில் குடிவந்தோம்.

2015 நவம்பரில் ஜாஃப்ரி காலமான செய்தியைப் பத்திரிகையில் படித்தேன். அன்றிரவு மகள் தன் கணினியில் 'சஷ்மே பத்தூர்' படத்தைப் போட்டாள். எங்கள் கரோல் பாக் அறையையும், பெட்டிக் கடைக்காரரின் நோட்டையும், இலண்டன் நடிகரைக் கண்டு ஏமாந்ததையும் அவளுக்குச் சொன்னேன். இருபத்தைந்து ஆண்டு வெளியே இருந்தும் அவர் பேச்சு மாறவில்லையே என்று வியந்தேன். அவள் என்னையே சற்று நேரம் பார்த்துக்கொண்டிருந்தாள். பிறகு மெல்லச் சொன்னாள்: "அப்பா, அவருக்கு மறக்காமல் இருப்பதற்கு ஏதோ ஒன்று இருந்தது. எனக்கு மறப்பதற்குக்கூட ஒன்றும் இல்லையே."

கோபமாகச் சொல்லியிருந்தால் நான் பதில் சொல்லியிருப்பேன். அவள் கோபப்படவில்லை.

சில மாதங்களுக்குப் பிறகு அவளுடைய குழு ஓர் இந்தி நாடகம் தயாரித்தது. அதில் அடுத்த வீட்டுத் தமிழ்ப் பாட்டி என்று ஒரு சிறு பாத்திரம். வழக்கம் போலத் தலையை ஆட்டிக்கொண்டு 'ஐயையோ' என்று அலறினால் போதும், கைதட்டல் விழும் என்றார்களாம். மகள் அதற்கு இணங்கவில்லை. வீட்டுக்கு வந்து என் எதிரே உட்கார்ந்து, "பாட்டி எப்படிப் பேசுவார்? பேசிக் காட்டுங்கள்" என்று கேட்டாள்.

வாழ்நாள் முழுவதும் பிறர் என்னைப் போலப் பேசிக் காட்டக் கேட்டவன் நான். யாரைப் போலவும் நான் பேசிக் காட்டியதில்லை. அன்றிரவு என் தாயைப் போலப் பேசினேன். முதலில் நாக்குத் தடுமாறிற்று. பிறகு எங்கிருந்தோ வந்தது; அம்மாவின் இழுப்பு, அம்மாவின் பெருமூச்சு, கேட்டுக்கொண்டே வாக்கியத்தை நடுவில் விட்டுவிடும் பழக்கம் எல்லாம் வந்தன. என் மனைவி சமையலறை வாசலில் வந்து நின்று, முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டாள். ஒரு மாத காலம் ஒவ்வோர் இரவும் எங்களுக்கு ஒத்திகை. அந்த ஒரு மாதத்தில் என் மகள் கற்ற தமிழ், முப்பது ஆண்டுகளில் நான் கொடுக்காத தமிழ்.

நாடகத்தன்று கடைசி வரிசையில் உட்கார்ந்திருந்தேன். பாட்டியின் பாத்திரம் வந்தது. இந்திப் பேச்சின் நடுவே, பழக்கத்தால் வழுக்கி விழுவது போல, "அந்தச் சம்புடத்தை எடு" என்றாள் என் மகள். சபையில் பலருக்கு அது புரிந்திராது. ஆனால் யாரும் சிரிக்கவில்லை. நாடகம் முடிந்ததும் வயதான தமிழ் அம்மையார் ஒருவர் மேடைப் பக்கம் வந்து, என் மகளின் கையைப் பிடித்துக்கொண்டு, "எந்த ஊரும்மா நீ?" என்று கேட்டார். "மோதி பாக், பாட்டி" என்று தமிழில் பதில் சொன்னாள் அவள்.

நண்பர்களே, மோதி பாகின் பழைய குவார்ட்டர்ஸில் ஒரு பகுதி இடிக்கப்பட்டுப் புதிய அடுக்குமாடிகள் எழுந்துவிட்டன. நாம் எல்லாரும் ஒருநாள் காலி செய்து போக வேண்டியவர்கள்தாம். நம் பிள்ளைகள் இன்னும் தொலைவில், இலண்டனுக்கும் அமெரிக்காவுக்கும் போவார்கள், போகட்டும். இந்தியும் ஆங்கிலமும் நன்றாகப் பேசட்டும். ஒன்றைக் கொடுத்தால்தான் மற்றொன்று கிடைக்கும் என்று நான் நினைத்தேன். அது தவறான கணக்கு. பலவற்றைச் சேர்த்தும் ஒன்றையும் இழக்காமல் ஒரு மனிதர் வாழ்ந்து காட்டியிருக்கிறார்.

இப்போது என் பேரனுக்கு ஆறு வயது. அம்மாவின் பித்தளைச் சம்புடம் எங்கள் ஜன்னல் மாடத்தில் இருக்கிறது. பெயர் சொல்லிக் கேட்டால் கற்கண்டு உண்டு என்று அவனுக்கு ஓர் ஒப்பந்தம். நாளைக்கு நான்கு தடவை கேட்கிறான். பல்லுக்குக் கெடுதல் என்று அவன் தாய் கோபிக்கிறாள். எனக்குக் கொடுக்காமல் இருக்க முடியவில்லை.